பக்கத்தில் வக்கீல் இல்லாத கவுன்ட்டியில் திவால் மனு: மேற்கு டெக்சாஸை வைத்து ஒரு விளக்கம்

டெக்சாஸின் 254 கவுன்ட்டிகளில் பரப்பளவில் மிகப் பெரியது ப்ரூஸ்டர். கிட்டத்தட்ட 16,000 சதுர கிலோமீட்டர் நிலத்தில், 2020 கணக்கெடுப்பின்படி, குடியிருப்பவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. அவர்களில் பாதிக்கு மேல் ஆல்பைன் என்ற ஒரே ஊரில் இருக்கிறார்கள். மெக்சிகோ எல்லைப் பக்கம் உள்ள டெர்லிங்குவாவிலிருந்து ஆல்பைனுக்கு வரவே 130 கிலோமீட்டர் ஆகும். ஆல்பைன் வந்தாலும் வேலை முடியாது. அமெரிக்காவில் திவால் என்பது கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் வருவது. உள்ளூர் கவுன்ட்டி நீதிமன்றம் அந்த மனுவை வாங்காது. இந்தப் பகுதி வழக்குகளைப் பார்க்கும் திவால் நீதிமன்றம் மிட்லண்டில் இருக்கிறது. அதற்கு இன்னும் சுமார் 250 கிலோமீட்டர்.

அமெரிக்க வக்கீல் சங்கம் 2020-ல் வெளியிட்ட கணக்கில், நாட்டின் மூவாயிரத்துச் சொச்சம் கவுன்ட்டிகளில் ஏறக்குறைய 1,300-ல் ஆயிரம் பேருக்கு ஒரு வக்கீல்கூட இல்லை. இருக்கிற ஒன்றிரண்டு பேரும் உயில், நிலப்பத்திரம், விவாகரத்து என்று எல்லாவற்றையும் பார்ப்பவர்கள். திவால் வழக்கு தனிப் பழக்கம் வேண்டுகிற துறை. போதாக்குறைக்கு, சின்ன ஊரில் இருக்கிற ஒரே வக்கீல் கடன் கொடுத்த வங்கிக்கும் வக்கீலாக இருப்பது சகஜம். அப்போது அவர் நம் வழக்கைத் தொடவே முடியாது.

ஆகவே தொலைவிலிருக்கும் வக்கீல்தான் வழி. அது இப்போது முழுக்கச் சாத்தியம். மனுவுக்கு முன் எடுக்க வேண்டிய கடன் ஆலோசனை வகுப்பு தொலைபேசியிலோ இணையத்திலோ முடிந்துவிடும். மனுவை வக்கீல் தன் மேசையிலிருந்தே நீதிமன்றக் கணினியில் ஏற்றுகிறார். கடன்பட்டவர் நேரில் வந்து நிற்க வேண்டியிருந்த ஒரே கூட்டம் பெருந்தொற்றுக் காலத்தில் தொலைபேசிக்கு மாறி, பிறகு ஜூமுக்குப் போய், 2024-க்குள் பெரும்பாலான மாநிலங்களில் அங்கேயே நிலைத்துவிட்டது. சிக்கலில்லாத வழக்கு என்றால் நீதிபதியின் முகத்தைப் பார்க்காமலேயே கடன் தீரும்.

தூரம் ஒழிந்ததோடு இன்னொன்றும் ஒழிந்தது. சான் அன்டோனியோவில் உட்கார்ந்திருக்கும் வக்கீல் உங்கள் வாசலைப் பார்த்ததில்லை. கொட்டகைக்குப் பின்னால் நிற்கும் டிரெய்லரோ, தாத்தா காலத்து எண்ணெய்க் குத்தகையோ, அண்ணனுக்குப் போன வருடம் திருப்பிக் கொடுத்த மூவாயிரம் டாலரோ, நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். சொல்லாதது மனுவில் ஏறாது. அந்த மனுவில் நீங்கள் பொய்ச் சத்தியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டுக் கையெழுத்திடுகிறீர்கள். தொலைவு வழக்குகள் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், ஜூமில் அல்ல.

வக்கீலைத் தேடும்போது

முதல் கேள்வி: இந்தக் கூட்டாட்சி மாவட்டத்தில், அதாவது டெக்சாஸ் மேற்கு மாவட்டத்தில், வழக்காட அவருக்கு அனுமதி இருக்கிறதா? டெக்சாஸ் வக்கீல்கள் மன்றத்தின் இணையதளத்தில் அவர் பெயரைத் தட்டினால் உரிமமும் ஒழுங்கு நடவடிக்கைகளும் இலவசமாகத் தெரியும். நாடு முழுக்க விளம்பரம் செய்யும் நிறுவனங்களில், தொலைபேசியில் பேசுபவர் வக்கீலே இல்லாமல் விற்பனையாளராக இருப்பதுண்டு. 'கடன்தாரர் (கடன் கொடுத்தவர்கள்) கூட்டத்தில் என்னோடு யார் இருப்பார்கள், அவரோடு நான் முன்பே பேச முடியுமா, வாகனக் கடனை மறுபடி ஒப்புக்கொள்ளும் பத்திரம் வந்தால் அதைப் பார்ப்பது கட்டணத்துக்குள் அடங்குமா' என்று கேளுங்கள். எழுத்தில் பதில் தரத் தயங்கினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். எழுத்து ஒப்பந்தம் கொடுப்பது அவர் தயவு அல்ல, திவால் சட்டமே விதிக்கும் கடமை.

வக்கீல் அல்லாத 'மனுத் தயாரிப்பாளர்கள்' இன்னொரு கூட்டம். அவர்கள் நீங்கள் சொல்வதைத் தட்டச்சு செய்து தரலாம், அவ்வளவுதான். எந்தச் சொத்துவிலக்கை (கடன் கொடுத்தவர்கள் தொட முடியாத சொத்துகளின் பட்டியலை) தேர்ந்தெடுப்பது, திவால் சட்டத்தின் எந்த அத்தியாயத்தில் (சாப்டர்) மனு போடுவது என்று வாய் திறந்தாலே சட்டமீறல். நீதிமன்றக் கட்டணத்தை அவர்கள் கையில் கொடுக்கவும் கூடாது.

வருமானம் குறைவென்றால் டெக்சாஸ் ரியோ கிராண்டே லீகல் எய்ட் என்ற இலவசச் சட்ட உதவி அமைப்பை முதலில் கேளுங்கள். தென்மேற்கு டெக்சாஸின் 68 கவுன்ட்டிகள் அதன் எல்லைக்குள் வருகின்றன. வீடு, நிலம், தொழில் எதுவும் இல்லாத எளிய வழக்குகளுக்கு அப்சால்வ் என்ற லாபநோக்கற்ற அமைப்பின் இலவசச் செயலி படிவங்களை நிரப்ப உதவும். நிலம் வைத்திருக்கிற கிராமத்துக்காரருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஏன் என்பது சொத்துப் பகுதியில் தெரியும்.

பணக் கணக்கு

சில மாதத்தில் கடனை அழிக்கும் சாப்டர் 7 மனுவுக்கு நீதிமன்றக் கட்டணம் 338 டாலர், வருடக்கணக்கில் தவணை கட்டி முடிக்கும் சாப்டர் 13-க்கு 313. முன்னதைக் கட்ட முடியாதவர் நான்கு தவணைக்குள் கட்ட 103ஏ படிவம் போடலாம். குடும்ப வருமானம் கூட்டாட்சி வறுமைக்கோட்டின் 150 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 103பி படிவத்தில் முழு விலக்கே கேட்கலாம். 2025 கணக்கில் அந்த எல்லை தனி ஆளுக்கு ஆண்டுக்கு 23,475 டாலர், நான்கு பேர் குடும்பத்துக்கு 48,225.

வக்கீல் கட்டணத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாப்டர் 7-ல் மனு போட்ட நாளில் பாக்கியிருக்கும் வக்கீல் கட்டணமும் மற்றக் கடன்களோடு அழிந்துவிடும். அதனால் வக்கீல்கள் முழுத்தொகையையும் முன்கூட்டியே வாங்குகிறார்கள். சாப்டர் 13-லோ கட்டணத்தை மூன்று முதல் ஐந்து வருடத் தவணைத் திட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். 'கையில் காசு வேண்டாம், இன்றே மனு' என்ற விளம்பரம் பலரையும் தேவையில்லாத சாப்டர் 13-க்குள் தள்ளுவது இப்படித்தான். நான்கு மாதத்தில் முடிய வேண்டிய விஷயம் ஐந்து வருடம் இழுத்து, நடுவில் தவணை தவறித் தள்ளுபடியாகி, கடன் முழுசாகத் திரும்பி வந்து நிற்கும். கிரெடிட் கார்டும் ஆஸ்பத்திரிக் கடனும் மட்டுமே உள்ளவர், வீட்டுத் தவணை பாக்கி இல்லாதவர், சாப்டர் 13 என்று யாராவது சொன்னால் காரணத்தை எழுதி வாங்க வேண்டும்.

மனுவுக்கு முந்தைய வாரங்கள்

கடன் ஆலோசனை வகுப்பை அங்கீகரிக்கப்பட்ட அமைப்பிடம், மனுவுக்கு முந்தைய 180 நாளுக்குள் முடித்திருக்க வேண்டும். பொதுவாக 50 டாலருக்குள் முடியும். வறுமைக்கோட்டின் 150 சதவீதத்துக்குள் இருப்பவர்கள் கட்டணமில்லாமல் கேட்கலாம். சான்றிதழ் இல்லாமல் மனு போட்டால் வழக்கு தள்ளுபடியாகும். பிறகு மறுபடி போடும்போது, ஒரு வருடத்துக்குள் இது இரண்டாவது மனு என்பதால், வசூலை நிறுத்தும் தடை 30 நாளோடு காலாவதியாகிவிடும். நீட்டிக்கத் தனியாகக் கேட்டாக வேண்டும். ஒரு மணி நேர வகுப்பைத் தவறவிட்டதற்கு இது பெரிய விலை.

அடுத்தது வருமானச் சோதனை. 2005 சட்டத் திருத்தம் கொண்டுவந்தது இது. மனு போடும் மாதத்தை விட்டுவிட்டு அதற்கு முந்தைய ஆறு முழு மாதங்களின் வருமானத்தைக் கூட்டி, இரண்டால் பெருக்கி, டெக்சாஸில் அதே அளவுக் குடும்பத்தின் இடைநிலை வருமானத்தோடு ஒப்பிடுவார்கள். அதற்குக் கீழே இருந்தால் சாப்டர் 7-க்குள் போகத் தடையில்லை. சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்தின் பணம் இந்தக் கணக்கில் வராது. முன்னாள் ராணுவத்தினரின் ஊனமுற்றோர் உதவித்தொகையும் 2019 முதல் வருவதில்லை. கடனில் பாதிக்கு மேல் தொழில் கடனாக இருந்தால் சோதனையே கிடையாது. பண்ணை வைத்திருப்பவர்களும் சிறு ஒப்பந்ததாரர்களும் இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

பிக் பெண்ட் தேசியப் பூங்காவை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இந்த ஆறு மாதக் கணக்கு மிக முக்கியம். அங்கே இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரை கூட்டம். கோடையில் ஆற்றோரம் 40 டிகிரிக்கு மேல் கொளுத்தும், வேலை அடங்கிவிடும். ஒரு படகு வழிகாட்டி ஏப்ரலில் மனு போட்டால் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான கொழுத்த மாதங்கள் இரட்டிப்பாகி, இல்லாத வருமானம் இருப்பதாகக் காட்டும். அக்டோபரில் போட்டால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் கணக்கு. மாதத்தைத் தேர்ந்தெடுப்பது குற்றமில்லை. ஆனால் வருமானப் பட்டியலில் ஆண்டின் முழு நிலையையும் உள்ளபடி சொல்ல வேண்டும். கேட்டால் விளக்கவும் தயாராக இருக்க வேண்டும்.

ஆவணங்கள்: மனுவுக்கு முந்தைய 60 நாள் சம்பளச் சீட்டுகள், கடைசி வருமான வரிப் படிவம், எல்லா வங்கிக் கணக்கு அறிக்கைகளும், வாகன டைட்டில், நிலப்பத்திரம், வழக்கு நோட்டீஸ்கள். வென்மோ, கேஷ் ஆப், பேபால் ஆகிய பணம் அனுப்பும் செயலிகளும் வங்கிக் கணக்கு மாதிரிதான். அறிக்கை எட்டுப் பக்கம் என்றால் எட்டும் வேண்டும், வெற்றுப் பக்கம் உட்பட. கைபேசியில் சாய்வாக எடுத்த படம், பாதி வெட்டுப்பட்ட படம் என்று அனுப்பினால் வக்கீல் அலுவலகம் திரும்பக் கேட்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வாரம் போகும். ஸ்கேன் செயலியில் எடுத்து, கணக்குக்கு ஒன்று என பி.டி.எஃப். ஆக்கி, பெயரும் மாதமும் போட்டு ஏற்றுங்கள். வீட்டில் சிக்னல் இல்லையென்றால் ஆல்பைன் நூலகத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் ஏற்றிவிடலாம். சம்பளச் சீட்டு போன்ற அடிப்படை ஆவணங்கள் 45 நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் வழக்கு தானாகவே தள்ளுபடியாகும் நிலை வரும்.

கடன்தாரர் பட்டியலுக்கு, கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் மூன்று கிரெடிட் நிறுவனங்களின் அறிக்கைகளையும் இலவசமாக எடுக்கலாம். அதோடு நின்றுவிடாதீர்கள். ஆம்புலன்ஸ் பில், கால்நடை மருத்துவர் பாக்கி, தீவனக் கடைப் பற்று, சொந்தக்காரரிடம் கைமாற்று இதெல்லாம் அந்த அறிக்கையில் வராது. கடன் கைமாறியிருந்தால் பழைய ஆள், புது ஆள், வசூல் வக்கீல் மூவரின் முகவரியும் வேண்டும்.

தபால் விஷயத்திலும் கவனம் வேண்டும். வீட்டுக்குத் தபால் வராத இடங்களில் எல்லோரும் தபால் பெட்டி எண் வைத்திருப்பார்கள். மனுவில் குடியிருக்கும் இடமும் தபால் முகவரியும் தனித்தனிக் கட்டங்கள், இரண்டையும் நிரப்புங்கள். நீதிமன்ற அறிவிப்பு தபால் பெட்டிக்கு வரும். தனியார் கூரியர் தபால் பெட்டிக்கு வராது. மையால் இட்ட அசல் கையெழுத்தை வக்கீல் வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று பல நீதிமன்றங்களின் உள்விதி சொல்கிறது. அவர் கூரியரில் அனுப்பிய காகிதம் பாலைவனத்தில் எங்கோ சுற்றிக்கொண்டிருக்க, வீட்டு ஏலத் தேதி வந்துவிடக்கூடும். எந்தக் காகிதம் எந்த வழியில் வரும் என்பதை முதல் பேச்சிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

சொத்தும் விலக்கும்

திவால் என்றால் எல்லாம் போய்விடும் என்ற பயம் எங்கும் உண்டு. நம்மிடமும் 'மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தவன்' என்றால் தெருவுக்கு வந்தவன் என்ற எண்ணம் இருக்கிறது. அந்தப் பயத்தில் இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போட்டு, ஓய்வூதியச் சேமிப்பைக் கரைத்து வட்டி கட்டுகிறார்கள். அந்தச் சேமிப்புதான் திவாலில் கிட்டத்தட்ட முழுவதும் காப்புக்குள் இருப்பது.

டெக்சாஸில் குடியிருப்பவர் இரண்டு விலக்குப் பட்டியல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: மாநிலத்தினுடையது, அல்லது கூட்டாட்சியினுடையது. கலந்து எடுக்க முடியாது.

மாநிலப் பட்டியல் பண்ணைக்காரரை மனதில் வைத்து எழுதப்பட்டது. கிராமப்புறக் குடியிருப்பு என்றால் குடும்பத்துக்கு 200 ஏக்கர், தனி ஆளுக்கு 100 ஏக்கர், மதிப்புக்கு உச்சவரம்பே இல்லை. ஆல்பைன் நகர எல்லைக்குள் நகராட்சிச் சேவைகள் கிடைக்கும் இடமென்றால் 10 ஏக்கர். கூடவே அசையும் சொத்து குடும்பத்துக்கு 1,00,000 டாலர் வரை, தனி ஆளுக்கு 50,000 வரை. அதற்குள் வீட்டுச் சாமான், தொழில் கருவிகள், ஓட்டுநர் உரிமம் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வண்டி, இரண்டு துப்பாக்கி, சேணத்தோடு இரண்டு குதிரை அல்லது கழுதை, 12 மாடு, மற்றக் கால்நடை 60, கோழி வகை 120, அவற்றுக்கான தீவனம் வரை சட்டம் எண்ணிச் சொல்கிறது.

ஆனால் இந்தப் பட்டியலில் ரொக்கத்துக்கு இடமில்லை. வங்கியில் கிடக்கும் பணமும், வரி அலுவலகத்திலிருந்து திரும்ப வரவேண்டிய பணமும் (வரித் திருப்பம்), வழக்கை நிர்வகிக்க நியமிக்கப்படும் டிரஸ்டிக்குப் போகும். கூட்டாட்சிப் பட்டியலில் வீட்டுக்கு 31,575 டாலர், வண்டிக்கு 5,025 என்று குறைவுதான் (ஏப்ரல் 2025-லிருந்து அமலில் உள்ள தொகைகள்). ஆனால் எதற்கும் பயன்படுத்தலாம் என்று 1,675 டாலரும், வீட்டு விலக்கில் பயன்படுத்தாததிலிருந்து 15,800 வரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆக, வாடகைக்கு இருப்பவர், பிப்ரவரியில் ஆறாயிரம் டாலர் வரித் திருப்பத்தை எதிர்பார்ப்பவர், கூட்டாட்சிப் பட்டியலை எடுக்க வேண்டும். கடனில்லாத வீடும் நிலமும் உள்ளவர் மாநிலப் பட்டியலை எடுத்து, திருப்பப் பணம் வந்து சாப்பாடு, வண்டி ரிப்பேர் என்று நியாயமாகச் செலவானபின் மனு போட வேண்டும், ரசீதோடு. எந்தச் செயலியும் இந்தத் தீர்ப்பை உங்களுக்காகச் சரியாக எடுத்துத் தரும் என்று நம்ப வேண்டாம்.

டெக்சாஸுக்கு வந்து 730 நாள் ஆகாதவர் பொதுவாக முந்தைய மாநிலத்தின் விலக்கையே பயன்படுத்த வேண்டியிருக்கும். டெர்லிங்குவா பக்கம் புதிதாகக் குடியேறியவர்கள் நிறைய. வக்கீலிடம் சொல்ல வேண்டிய முதல் தகவல்களில் குடிவந்த தேதியும் ஒன்று.

அந்தப் பக்கத்தில் இன்னொரு நிலைமையும் உண்டு. ஐந்து பத்து ஏக்கர் பாலை நிலத்தை வாங்கி, அதில் டிராவல் டிரெய்லரை நிறுத்திக் குடியிருப்பது. அது சட்டப்படி 'வீடு' ஆகுமா? 2007-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், படகில் குடியிருந்தாலும் படகு வீட்டு விலக்குக்குள் வராது என்றது. இடம் மாற்றக்கூடிய குடியிருப்பு நிலத்தோடு நிலையாகப் பிணைந்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். எனவே வக்கீலுக்கு நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள்: சக்கரம் கழற்றப்பட்டிருக்கிறதா, கீழே கட்டை கொடுத்திருக்கிறதா, செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, மின் இணைப்பு, கூடச் சேர்த்துக் கட்டிய தாழ்வாரம். நிலம் உரிமையாளர் சங்கத்துக்கு உட்பட்டதென்றால், பழைய சந்தா பாக்கி அழியலாம்; மனு போட்ட தேதிக்குப் பின் நிலம் உங்கள் பெயரில் இருக்கும்வரை விழும் சந்தா அழியாது.

இவற்றையெல்லாம்விட அதிகம் மறக்கப்படுவது கனிம உரிமை. மேற்கு டெக்சாஸில் நிலத்தின் மேல்பரப்பு ஒருவருக்கும் அடியிலுள்ள எண்ணெய் வேறொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். பெர்மியன் பேசின் என்ற எண்ணெய் வயல் பகுதியில் தாத்தா விட்டுப்போன குத்தகையின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, வருடத்துக்கு ஒரு முறை வரும் 40 டாலர் காசோலை. இதைச் சொத்தென்றே யாரும் நினைப்பதில்லை. அதேபோல் பாகம் பிரிக்காத பாட்டி நிலம்: டெக்சாஸ் சட்டப்படி இறந்த நொடியிலேயே வாரிசுக்கு உரிமை வந்துவிடுகிறது, பத்திரம் மாறாவிட்டாலும். மனுவில் எழுதாமல் விட்ட சொத்து வழக்கு முடிந்தபின்னும் டிரஸ்டியின் கையை விட்டுப் போவதில்லை. பத்து வருடம் கழித்து அங்கே எண்ணெய்க்காகத் துளை போட்டால் வழக்கைத் திரும்பத் திறக்கலாம். எழுதியிருந்தால், சின்னத் தொகையாயிருக்கும்போதே டிரஸ்டி வேண்டாமென்று விட்டிருக்கக்கூடும். மனு போட்டபின் 180 நாளுக்குள் யாராவது இறந்து பரம்பரைச் சொத்து வந்தால் அதையும் தெரிவித்தாக வேண்டும்.

செய்யக் கூடாதவை

அண்ணன், அப்பா, மச்சான் கடனை முதலில் அடைத்துவிட்டு மனு போடலாம் என்பது இயல்பான எண்ணம். மனுவுக்கு முந்தைய ஒரு வருடத்தில் சொந்தக்காரருக்குக் கொடுத்த பணத்தை டிரஸ்டி அவரிடமிருந்தே திரும்ப வாங்கலாம். வெளியாருக்கு என்றால் 90 நாள். மகள் பெயருக்கு டிரக்கை மாற்றி எழுதுவது இன்னும் மோசம். கூட்டாட்சிச் சட்டம் இரண்டு வருடம், மாநிலச் சட்டம் பொதுவாக நான்கு வருடம் பின்னோக்கிப் பார்க்கும். ஏமாற்றும் நோக்கம் தெரிந்தால் கடன் விடுதலையே மறுக்கப்படும். அந்த டிரக் பெரும்பாலும் விலக்குக்குள்ளேயே இருந்திருக்கும் என்பதுதான் இதில் வேதனை.

கடைசி 90 நாளில் ஒரே நிறுவனத்தின் கடனட்டையில் ஆடம்பரச் செலவு 900 டாலரைத் தாண்டினாலோ, கடைசி 70 நாளில் ரொக்க முன்பணம் 1,250-ஐத் தாண்டினாலோ அது மோசடி என்றே முதலில் கருதப்படும். வக்கீல் வைக்க முடிவு செய்த நாளிலிருந்து அட்டைகளைத் தொடாதீர்கள்.

சின்ன ஊர்களுக்கே உரிய ஆபத்து, கிரெடிட் யூனியன் என்ற கூட்டுறவு வங்கி. சம்பளம் விழுவதும் அங்கே, டிரக் கடனும் அங்கே, கிரெடிட் கார்டும் அங்கே. கார்டு ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தில், டிரக்கே கார்டுக் கடனுக்கும் ஈடு என்று இருக்கும். கணக்கில் உள்ள பணத்தை மனு போட்டதும் முடக்கி வைக்கவும் அவர்களால் முடியும். மனுவுக்கு முன்பே கடனில்லாத வேறொரு வங்கியில் கணக்குத் திறந்து சம்பளத்தை அங்கே திருப்பிவிடுங்கள். பழைய கணக்கின் தானியங்கிப் பிடித்தங்களையும் நிறுத்துங்கள்.

டெக்சாஸில் சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தைப் பிடிக்க முடியாது. அந்தச் சம்பளம் வங்கியில் விழுந்தபின் கணக்கை முடக்க முடியும். ஆகவே நீதிமன்றச் சம்மன் வந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். 20,000 டாலர் வரையுள்ள வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் நீதிமன்றத்தில் பதில் போட 14 நாள்தான். தவறினால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு, அதன்பின் நிலத்தின்மேல் பற்றுப் பதிவு, அதாவது கடனுக்கு நிலத்தையே ஈடாக்கும் பதிவு.

ஜூம் கூட்டம்

மனு ஏறிய கணமே வசூல், வழக்கு, தொலைபேசி எல்லாவற்றுக்கும் தானாகத் தடை விழும். 21 முதல் 40 நாளுக்குள் கடன்தாரர் கூட்டம். நீதிமன்றம் அனுப்பும் அறிவிப்பிலேயே டிரஸ்டியின் ஜூம் எண்ணும் கடவுச்சொல்லும் இருக்கும். கடைசி வரிப் படிவம் ஏழு நாள் முன்பாவது டிரஸ்டியிடம் போயிருக்க வேண்டும். புகைப்பட அடையாள அட்டையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கான சான்றும் முன்கூட்டியே ஏற்றப்படும், கூட்டத்தன்றும் கையில் இருக்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி அட்டை தொலைந்திருந்தால் மனு போடும் முன்பே மாற்று அட்டைக்கு எழுதுங்கள். மனுவில் அந்த எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் திருத்தி, எல்லாக் கடன்தாரருக்கும் மறுபடி அறிவிக்க வேண்டியிருக்கும்.

கூட்டம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடியும். வலது கையை உயர்த்திச் சத்தியம். மனுவைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டீர்களா, எல்லாச் சொத்தும் எல்லாக் கடனும் எழுதியாயிற்றா, யாராவது உங்களுக்குப் பணம் தரவேண்டுமா, சொத்து எதையாவது கைமாற்றினீர்களா என்ற கேள்விகள். கடன்தாரர் யாரும் வருவது அபூர்வம். வண்டி ஓட்டிக்கொண்டே இணைந்தால் டிரஸ்டி நிறுத்தி வேறு தேதி போடுவார். வீட்டு இணையத்தை நம்ப முடியாவிட்டால் நூலகத்திலோ தெரிந்தவர் அலுவலகத்திலோ கதவுள்ள ஓர் அறையை முன்பதிவு செய்யுங்கள். உங்கள் கடன் விவரம் மற்றவர் காதில் விழ வேண்டியதில்லை. இணைப்பு அறுந்தால் உடனே அழைக்க டிரஸ்டியின் எண்ணையும் வக்கீலின் கைபேசி எண்ணையும் காகிதத்தில் எழுதி வைத்திருங்கள். ஆங்கிலம் சரளமில்லாதவருக்குத் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் அரசுச் செலவில் கிடைப்பார். முன்பே வக்கீலிடம் சொல்லிவிட வேண்டும். உறவினரை மொழிபெயர்க்க வைக்க நினைக்காதீர்கள்.

கூட்டத்துக்குப் பிறகு

வண்டிக் கடன் இருந்தால் மூன்று வழிகள்: வண்டியைக் கொடுத்துவிடுவது, கடனை மறுபடி ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவது, அல்லது வண்டியின் இன்றைய மதிப்பை ஒரே தொகையாகக் கட்டி மீட்பது. 6,000 டாலர் பெறும் டிரக்குக்கு 14,000 பாக்கியென்றால், மறுபடி ஒப்புக்கொள்வது புதிதாக 14,000 கடன் வாங்குவதற்குச் சமம். பிறகு வண்டி பறிபோனாலும் மீதியைக் கட்ட வேண்டும். பக்கத்துக் கடைக்கே ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டிய இடத்தில் வண்டி இல்லாமல் வாழ முடியாதுதான். அதனாலேயே வட்டியைக் குறைக்கச் சொல்லி வக்கீலைப் பேச வையுங்கள். கையெழுத்திட்டாலும், கடன் விடுதலை உத்தரவு வரும் நாள் அல்லது பத்திரம் நீதிமன்றத்தில் ஏறிய 60-வது நாள், இரண்டில் பிந்தியதுவரை அதைத் திரும்பப் பெறலாம்.

குழந்தை ஜீவனாம்சம், சமீபத்திய வருமான வரி, பொய் சொல்லி வாங்கிய கடன், குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஆளைக் காயப்படுத்தியதற்கான இழப்பீடு இவை அழியாது. கல்விக் கடனுக்குத் தனி வழக்கு வேண்டும். 2022-ல் நீதித்துறை கூட்டாட்சிக் கடன்களுக்கு எளிய வாக்குமூலப் படிவம் கொண்டுவந்தபின் அது முன்போல் கைவிட்ட விஷயமில்லை.

வீட்டுத் தவணை பாக்கியென்றால் கணக்கு வேறு. டெக்சாஸில் வீட்டு ஏலம் மாதத்தின் முதல் செவ்வாய், காலை 10 முதல் மாலை 4 மணிக்குள். சாப்டர் 7 அதைச் சில வாரம் நிறுத்தும். பாக்கியைத் தவணையாகக் கட்டி வீட்டைக் காப்பாற்ற சாப்டர் 13 தான், குடும்பப் பண்ணைக்கு சாப்டர் 12. நேரமே இல்லையென்றால் மனு, கடன்தாரர் பட்டியல், சோஷியல் செக்யூரிட்டி படிவம், ஆலோசனைச் சான்றிதழ் இவற்றை மட்டும் திங்களன்று ஏற்றி, மீதியை 14 நாளுக்குள் கொடுக்கலாம். வக்கீலைச் செவ்வாய்க் காலையில் தேடக் கூடாது.

கூட்டத்துக்குக் குறித்த முதல் தேதியிலிருந்து 60 நாளுக்குள் இரண்டாவது வகுப்பை, பண நிர்வாகப் பாடத்தை, முடித்துச் சான்றிதழ் ஏற்ற வேண்டும். எல்லாம் சரியாக நடந்தும் இதை மட்டும் மறந்து, கடன் விடுதலை இல்லாமலேயே வழக்கு மூடப்படுவது உண்டு. திறக்க மறுபடி கட்டணம். கூட்டம் முடிந்த அன்றே உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.

மனு போட்டதிலிருந்து சுமார் நான்கு மாதத்தில் கடன் விடுதலை உத்தரவு தபாலில் வரும். அதையும் கடன்தாரர் பட்டியலையும் சேர்த்து ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். இரண்டு மாதம் கழித்து கிரெடிட் அறிக்கைகளை எடுத்து, அழிந்த ஒவ்வொரு கடனுக்கும் பாக்கி சுழியம் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய கடனை மூட்டையாக வாங்கிய நிறுவனம் மூன்று வருடம் கழித்துக் கடிதம் போட்டால் ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். வழக்கு எண்ணோடு உத்தரவின் நகலை அனுப்புங்கள். அதன்பின்னும் வசூலுக்கு வந்தால் நீதிமன்ற உத்தரவை மீறுவது அவர்கள்தான், வக்கீலுக்கு உடனே தெரியப்படுத்துங்கள்.